தேவிபட்டினம் பக்கம் 20 வெண்பன்றி: சங்காயமா, ஓட்டல் மிச்சமா, கலப்புத் தீவனமா?

தேவிபட்டினத்தான்

எல்லோருக்கும் வணக்கம். கடற்கரையிலிருந்து 2 கிலோமீட்டர் உள்ளே ஒரு ஏக்கர் மணல் நிலம் இருக்கு. சுற்றிலும் சீமைக்கருவேல், பக்கத்தில் குடியிருப்பு இல்லை. 20 லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் குட்டி வாங்கி எடை ஏற்றி விற்பதா, 4 தாய்ப்பன்றி ஒரு ஆண்பன்றி வைத்துக் குட்டி எடுத்து விற்பதா என்று முடிவு செய்யணும்.

தீவனத்துக்கு மூன்று வழி தெரிகிறது. விசைப்படகு இறங்குதுறையில் சங்காயம் (வலையில் சேர்ந்து வரும், சாப்பாட்டுக்கு விற்காத சில்லறை மீன்) மலிவாகக் கிடைக்கும். ராமநாதபுரத்தில் நாலு ஓட்டல்காரர்கள் மிச்சச் சாப்பாடு தரத் தயார். மூன்றாவது, மக்காச்சோளம் புண்ணாக்கு வாங்கி நாமே அரைத்துக் கலப்பது. போர் தண்ணீர் டிடிஎஸ் 2,800. காவிரி கூட்டுக்குடிநீர் நாள்விட்டு நாள் வருது, அதுவும் கொஞ்சம்தான்.

கேள்விகள்: இந்தத் தண்ணீர் பன்றிக்கு ஆகுமா? சங்காயத்தைப் பச்சையாகப் போடலாமா? எந்த முறை இந்தக் கரைக்குச் சரி? அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

தவிட்டு மூட்டை

தம்பி, தீவனக் கணக்குக்கு முன்னாடி உப்புக் கணக்குப் போடுங்க. இந்தக் கரையில் பண்ணை படுக்குற இடம் அதுதான்.

50 கிலோ பன்றி வெயில் காலத்தில் 8 லிட்டர் தண்ணீர் குடிக்கும். டிடிஎஸ் 2,800 என்றால் லிட்டருக்கு 2.8 கிராம் கரைந்த உப்பு. ஒரு நாளைக்கு 22 கிராம் தண்ணீரிலேயே போய்ச் சேருது. கடலோரப் போரில் அதில் பெரும்பங்கு சோற்றுப்புதான். தீவனத்தில் வழக்கமாகச் சேர்க்கிற உப்பு அரை சதவீதம். 2 கிலோ தீவனத்துக்கு 10 கிராம். ஆக உங்க தண்ணீரே இரண்டு மடங்கு கொடுத்துவிடுது. தீவனத்தில் தனியாக உப்பே போடக் கூடாது. எங்கிட்டோ அச்சடித்த தீவனக் கணக்கை அப்படியே எடுத்துக் கலக்குறவங்க இதைக் கவனிக்கிறதில்லை.

டிடிஎஸ் 1,000க்குள் இருந்தால் கவலையே இல்லை. 1,000 முதல் 3,000 வரை பன்றி குடிக்கும். புதுசாக வந்த குட்டிக்கு ஒரு வாரம் கழிச்சல் வரும், அப்புறம் பழகிக்கும். 3,000க்கு மேல் போனால் முதலில் குடிக்க மறுக்கும், குடிப்பது குறைந்தால் தின்பதும் குறையும். 5,000க்கு மேல் சினைப்பன்றிக்கும் பால் கொடுக்கிற பன்றிக்கும் ஆகாது. 7,000 தாண்டினால் எந்தப் பன்றிக்கும் வேண்டாம். நீங்க எல்லைக்கோட்டில் நிக்கிறீங்க. மே மாசத்தில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்க. மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதந்துதான் கிடக்கு. மோட்டாரை ஓடவிட்டுக்கிட்டே இருந்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவரும். காலையில் பார்த்த அளவும் 3 மணிநேரம் இறைத்த பிறகு பார்த்த அளவும் ஒன்றாக இருக்காது.

வழி என்னன்னா, குடிக்க ஒரு குழாய், கழுவ ஒரு குழாய். 20 பன்றிக்குக் குடிக்க 160 முதல் 200 லிட்டர் போதும். காவிரித் தண்ணீர் பாதி, போர் தண்ணீர் பாதி கலந்தாலே 1,600 சுற்றி வந்துவிடும். கழுவவும் பன்றி புரளுற தொட்டிக்கும் போர் தண்ணீர் மட்டும்.

இப்போ சங்காயம். பச்சையாகப் போடவே வேண்டாம். சில மீன்களில் தயமின் என்கிற பி1 சத்தை அழிக்கிற நொதி இருக்கு. வேகவைத்தால் அது செத்துப்போகும். பச்சை மீனில் நுண்ணுயிர், புழுமுட்டை வேறு. வேகவைக்குமுன் கொட்டிப் பிரிக்கணும். பேத்தை மீன் ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதன் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது. கெளுத்தியின் முள்ளை ஒடித்து எடுங்க, தொண்டையில் குத்திக்கும். காரல், காரப்பொடி, சின்ன நண்டு, கணவாய்த் துண்டு எல்லாம் பரவாயில்லை.

அளவு: பச்சை மீன் 4 முதல் 5 கிலோ காய்ந்தால் 1 கிலோ. 20 வளரும் பன்றிக்கு நாளைக்கு 30 கிலோ தீவனம் என்றால் அதில் 8 சதவீதம் மீன்தூள், 2.4 கிலோ. பச்சையாக 10 முதல் 12 கிலோ. அவ்வளவுதான். மலிவாகக் கிடைக்குதுன்னு ஒரு கூடை கொட்டுறதால் சதை வளராது. மிச்சப் புரதம் மூத்திரத்தில் போய்க் கொட்டகை முழுக்கக் காட்டமாக நாறும்.

கருவாட்டுக் கழிவு வாங்குறதாக இருந்தால் உப்புப் போட்டதா, சும்மா காயவைத்ததா என்று கேட்டு வாங்குங்க. உப்பில்லாமல் காய்ந்ததில் 3 சதவீதம் உப்பு இருந்தாலும் 2 கிலோ தீவனத்தில் 5 கிராம்தான் சேரும். உப்புக் கருவாட்டில் 12 சதவீதம் இருந்தால் 19 கிராம். போர் தண்ணீரோடு சேர்த்தால் 41 கிராம். மணலில் காயவைத்ததும் வேண்டாம். ஒரு கைப்பிடித் தூளை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கி, தண்ணீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்க. அடியில் என்ன கிடக்கு என்று பார்த்தால் மீன் விலைக்கு எவ்வளவு மணல் வாங்குறீங்கன்னு தெரிஞ்சுபோகும். மொத்தமாக வாங்குறதுன்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி தீவன ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிப் புரதம், உப்பு, மணல் மூன்றும் பார்க்கச் சொல்லுங்க.

வளரும் பன்றிக்கு, 15 முதல் 60 கிலோ எடை வரை, 100 கிலோ கலவை இப்படி: உடைத்த மக்காச்சோளம் 52, அரிசித் தவிடு 20, கடலைப் புண்ணாக்கு 12, சோயாப் புண்ணாக்கு 6, உப்பில்லா மீன்தூள் 8, தாதுஉப்புக் கலவை (சுண்ணாம்பு போன்ற தாதுச்சத்து, சோற்றுப்பு இல்லை) 2. புரதம் 18 சதவீதம் கிட்ட வரும். 60 கிலோ தாண்டியதும் மீனை நிறுத்திடுங்க: மக்காச்சோளம் 50, தவிடு 30, கடலைப் புண்ணாக்கு 14, சோயா 4, தாதுஉப்பு 2. இது 16 சதவீதம். கடைசி 4 வாரமாவது வாயில் மீன் படாமல் இருந்தால்தான் கறியில் கவிச்சி வராது. கொழுப்பில் ஏறிய மீன் வாடை லேசில் இறங்காது. மதுரைக்கோ கேரளாவுக்கோ போற வியாபாரி ஒரு தடவை கவிச்சி கண்டால் அடுத்த தடவை வண்டி அனுப்ப மாட்டான்.

போடுற அளவு: 15 கிலோக் குட்டிக்கு முக்கால் கிலோ, 30 கிலோவுக்கு ஒன்றேகால், 50 கிலோவுக்கு 2, 80 கிலோவுக்கு 2.5 முதல் 2.8. அரை மணியில் தொட்டி காலியாகணும். காலியாகவில்லை என்றால் தீவனத்தைக் குறை சொல்லுமுன் நிப்பிளை (பன்றி வாயால் அமுக்கித் தண்ணீர் குடிக்கிற குழாய் முனை) அமுக்கிப் பாருங்க.

பனங்காட்டு நரி

மூட்டை அண்ணன் கணக்கு சுத்தம். ஆனால் வெறும் கலப்புத் தீவனத்தில் 20 பன்றி என்றால் கை கடிக்கும். நம்ம பக்கத்துப் பராமரிப்பில் 1 கிலோ எடை ஏற 3.5 கிலோ தீவனம் போகும். 12 கிலோக் குட்டி 90 கிலோ ஆக 78 கிலோ ஏறணும், ஒரு பன்றிக்கு 273 கிலோ, 20க்கு ஐந்தரை டன். உங்க கலவை கிலோ என்ன விலை விழுதோ அதை 3.5ஆல் பெருக்கி, உயிர் எடை விலையோடு வைத்துப் பாருங்க. செலவில் முக்கால்வாசி தீவனம்தான். அதனால்தான் ஊரில் எல்லாரும் ஓட்டல் வாளியைத் தேடிப் போறாங்க.

ஓட்டல் மிச்சத்தில் தப்பில்லை, அதைக் கையாளுகிற விதத்தில்தான் தப்பு. முதலில் அதில் 80 சதவீதம் தண்ணீர். 1 கிலோ கலப்புத் தீவனத்துக்கு நாலரைக் கிலோ மிச்சம் ஈடு. 80 கிலோப் பன்றியை முழுக்க இதிலேயே வளர்த்தால் நாளைக்கு 11 கிலோ. 20 பன்றிக்கு 220 கிலோ, அதாவது பெரிய 200 லிட்டர் டிரம் ஒன்றுக்கும் மேல். நாலு ஓட்டலில் முகூர்த்த நாளில் அது கிடைக்கும், வெறும் செவ்வாய்க்கிழமையில் பாதிகூடத் தேறாது. ஒரு நாள் பிரியாணி, ஒரு நாள் இட்லி மாவு என்று மாறி மாறிப் போனால் வயிறு கலங்கிப்போகும்.

என் கருத்து: 30 கிலோ வரைக்கும் கலப்புத் தீவனம் மட்டும். குட்டி வயிறு சின்னது, அந்தச் சோற்றுத் தண்ணீரைக் குடித்து நிரம்பிடும், சத்து சேராது. 30 கிலோவுக்கு மேல் தீவனத்தில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மிச்சம். 60 கிலோப் பன்றிக்கு 1.1 கிலோ கலவை, 5 கிலோ மிச்சம். மிச்சத்தில் இருப்பது சோறு, மாவு, எண்ணெய், புரதம் கம்மி. அதனால் இந்தப் பாதிக் கலவையில் மக்காச்சோளத்தைக் குறைத்துப் புண்ணாக்கைக் கூட்டணும். மக்காச்சோளம் 35, தவிடு 30, கடலைப் புண்ணாக்கு 22, சோயா 10, தாதுஉப்பு 3 என்று வையுங்க.

கொதிக்க வைக்கிறதுதான் உயிர்நாடி. பாதி அறுத்த டிரம்மில் முதலில் ஒரு சாண் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விட்டு, அப்புறம்தான் சோற்றைக் கொட்டணும். நேரே கொட்டினால் அடி கருகும், நடுவில் பச்சையாகவே கிடக்கும். முக்கால் டிரம்முக்கு மேல் நிரப்பாதீங்க. நடுவிலும் கொப்புளம் வந்த பிறகு 30 நிமிஷம், பனைமட்டையால் கிண்டிக்கிட்டே இருக்கணும். விறகுக்குச் சீமைக்கருவேல் சும்மா கிடக்கு. மேலே மிதக்கிற வடை எண்ணெயை அள்ளி எடுத்துடுங்க. பாலித்தீன், பல்குத்தும் குச்சி, ஊறுகாய்ப் பொட்டலம் எல்லாம் கொதிக்குமுன்னே பொறுக்கணும்.

ஓட்டல் டிரம் வந்து இறங்குற இடம் வேலிக்கு வெளியே. பச்சை மிச்சம் தொட்ட வாளி, கரண்டி, கை எதுவும் வெந்ததைத் தொடக் கூடாது. வாளிக்குச் சிவப்பு, நீலம் என்று நிறம் பிரித்துட்டால் வேலையாளுக்குச் சொல்லிக்கிட்டே இருக்க வேண்டியதில்லை. பன்றிக்கறி போடுகிற கடையின் மிச்சத்தை இனாமாகத் தந்தாலும் வாங்காதீங்க.

ஊசிமருந்து

கடைசியாகச் சொன்னதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் இந்தியாவில் முதன்முதலாகத் தெரிந்தது. 2022இல் வயநாட்டுக்கு வந்துவிட்டது. நம் வியாபாரிகள் கேரளாவுக்குப் போய்வருகிறவர்கள். அந்த வைரஸ் உப்பிட்ட கறியிலும் உறைந்த கறியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வேகாத மிச்சத்தின் வழியே பண்ணைக்குள் வரும். சிகிச்சை கிடையாது. நாம் வழக்கமாகப் போடும் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி ‘கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்’ என்ற வேறு நோய்க்கு உரியது, இதைத் தடுக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘ஊசி போட்டாச்சு’ என்று இருந்துவிட வேண்டாம். கூட்டமாகக் காய்ச்சல், காதிலும் வயிற்றிலும் சிவந்த நீலம், திடீர்ச் சாவு என்று கண்டால் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்வது சட்டப்படியே கட்டாயம். 2009ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அதைச் சொல்கிறது. இறந்ததை அறுத்துப் பார்ப்பதோ மிச்சப் பன்றிகளை அவசரமாக விற்பதோ நோயை ஊர் முழுக்கப் பரப்பும். என்னைக் கேட்டால் மிச்சச் சாப்பாடே வேண்டாம் என்பேன். போட்டே தீருவேன் என்பவருக்குத்தான் மேலே சொன்ன 30 நிமிடம்.

புதிய குட்டிகளை 30 நாள் தனியே, வேறு வாளி வேறு ஆளோடு வையுங்கள். 2 மாத வயதில் குடற்புழு நீக்கம், அதை ஒட்டிப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி. ஆண் குட்டிகள் காயடித்தவையா என்று வாங்கும்போதே பாருங்கள். காயடிக்காததை 90 கிலோ வரை வளர்த்தால் கறியில் ஆண் வாடை வரும்.

சிலர் பகலில் அவிழ்த்துவிட்டு இரவில் அடைக்கும் முறையைக் கேட்பார்கள். கருவேலங்காட்டில் விட்டால் தீவனம் மிச்சம் என்று தோன்றும். திறந்தவெளி மலம் தின்னும் பன்றியின் தசையில் நாடாப்புழுக் கட்டி வரும், அந்தக் கறியைச் சரியாக வேகாமல் தின்ற மனிதனின் குடலில் நாடாப்புழு வளரும், அதன் முட்டை யார் வயிற்றுக்குள் போனாலும் கட்டி மூளை வரை போகும். இந்த முறைக்கு இதற்கு மேல் பேச்சில்லை.

இனி உப்பு நஞ்சு. மூட்டை சொன்ன 41 கிராமைப் பன்றி தாங்கும், தண்ணீர் தாராளமாக இருக்கும்வரை. உப்பு அதிகம் என்பதைவிட, உப்பைத் தின்றபின் தண்ணீர் இல்லாமல் போவதே கொல்லும். மின்தடை, காலி டாங்க், உப்புப் படிந்து அடைத்த நிப்பிள்: காரணம் பெரும்பாலும் இவைதான். ஒரு நாள், ஒன்றரை நாள் தண்ணீர் நின்றால் போதும். முதலில் தாகம், மலச்சிக்கல். பிறகு கண் தெரியாததுபோல் அலையும், தலையைச் சுவரில் வைத்து அழுத்தும், மூக்கு துடிக்கும். நாய்போல் உட்கார்ந்து தலையை அண்ணாந்து பின்னாலேயே நகர்ந்து, விழுந்து வலிப்பு வரும். ஓய்ந்து, மறுபடி அதே.

இந்த நிலையில் குழாயைத் திறந்து வயிறு முட்டக் குடிக்க விடுவதுதான் பெரிய ஆபத்து. மூளையில் சோடியம் ஏறியிருக்கும். தண்ணீர் மொத்தமாகப் போனால் அதை நோக்கிப் பாய்ந்து மூளை வீங்கும். உடல் எடையில் அரை சதவீதம் மணிக்கு ஒருமுறை: 60 கிலோப் பன்றிக்கு 300 மில்லி, அவ்வளவே. இரண்டு மூன்று நாளில் மெல்ல இயல்புக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் தீவனத்தை நிறுத்துங்கள், மருத்துவரை உடனே அழையுங்கள். வலிப்பு வராத மற்றப் பன்றிகளுக்கும் இதே அளவுதான். அவையும் அதே தொட்டியில் தின்றவை.

தேவிபட்டினத்தான்

ரொம்ப நன்றி. மூன்று சந்தேகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு போகாது, சங்காயமும் இல்லை. அப்போ என்ன செய்றது? வாங்கிக் காயவைத்து மூட்டை கட்டி வைக்கலாமா? தாய்ப்பன்றி வைப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. கொட்டகைக்குப் பனையோலையா, தகரமா?

தவிட்டு மூட்டை

தடைக்காலத்தை எதிர்த்து நிக்க வேண்டாம், அதுக்குத் தகுந்தாப்ல குட்டி வாங்குற தேதியை வையுங்க.

ஜூன் நடுவில் 2 மாதக் குட்டி, 12 கிலோவில் இறக்குங்க. படகு கடலுக்குப் போக ஆரம்பிச்சிருக்கும். அக்டோபர் நடு வரை நாலு மாசம், மீனும் கிடைக்கும், பன்றிக்கும் மீன் தேவைப்படுற வயசு. 60 கிலோ வந்ததும் மீனை நிறுத்தணும் இல்லையா, அது அக்டோபர். அங்கிருந்து இரண்டு மாசம் குளிர்ந்த காலத்தில் எடை ஏறி, டிசம்பர் நடுவில் 90 கிலோ. கிறிஸ்துமஸ் சந்தை. நாளைக்கு 430 கிராம் ஏறினால் கணக்கு சரியாக வந்துடும். சின்னக் குட்டி ஜூன் வெக்கையைத் தாங்கும், பெரிய பன்றிதான் தாங்காது. அதையே டிசம்பரில் குட்டி இறக்கினால் ஏப்ரல், மே வெயிலில் 70 கிலோப் பன்றியை வைத்துக்கிட்டு, அது தின்னாமல் மூச்சு வாங்குறதைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்.

மீனைச் சேமிக்கிறது சரிவராது. கொழுப்புள்ள மீன் ஒன்றிரண்டு மாசத்தில் காறிப்போகும், அதைத் தின்றால் பன்றிக் கொழுப்பு மஞ்சளாகும். தடைக்காலத்தில் பன்றி இருந்தே ஆகணும்னா மீன் 8 கிலோவுக்குப் பதில் சோயாவை 7 கிலோ கூட்டி, தாதுஉப்பை 2லிருந்து 3 ஆக்கிடுங்க. மீன் முள்ளில் வந்த சுண்ணாம்புச் சத்தை அது ஈடுகட்டும்.

கோடையில் சீமைக்கருவேலங்காய் காய்ந்து உதிரும். அதைச் சேர்க்கலாம், 40 கிலோவுக்கு மேல் உள்ள பன்றிக்கு, கலவையில் 10 சதவீதத்துக்குள். மொறுமொறுன்னு காய்ந்த பிறகு வெயில் சூட்டோடு அரைக்கணும், இல்லாட்டி அதிலுள்ள சர்க்கரை அரவை மில்லில் பிசினாட்டம் ஒட்டும். விதை கல் மாதிரி. உடையாமல் போனால் சாணத்தோடு வெளியே வந்து உங்க தோட்டத்தில் இன்னொரு கருவேலங்காடு முளைக்கும். கடல்பாசிக் கழிவு போடலாமான்னு யாராவது சொல்லுவாங்க. அதில் உப்பும் சாம்பலும் அதிகம், வேண்டாம்.

பனங்காட்டு நரி

ஜூன் கணக்கு நல்லா இருக்கு, ஆனா மழைக்காலத்தை மறந்துட்டீங்களே அண்ணே. அக்டோபர், நவம்பர் வாடைக்காற்றில் புண்ணாக்கும் மக்காச்சோளமும் பூசணம் பிடிக்கும். கடலைப் புண்ணாக்கில் அந்தப் பூசணம் ஈரலைத் தின்னும். பன்றி சாகாது, வளராமல் நின்னுடும், ஏன்னு தெரியாது. மூட்டையைத் தரையில் அடுக்காதீங்க. பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. மக்காச்சோளத்தைப் பல்லில் கடித்தால் டக்குனு உடையணும், மசிந்தால் ஈரம். மழை மாசத்தில் 10 நாளைக்கு மேல் அரைத்த தீவனம் வைக்காதீங்க, தவிடு அதுக்குள்ளேயே காறும்.

தவிட்டு மூட்டை

ஒத்துக்கிறேன். அக்டோபருக்கு முன்னாடியே முழு மக்காச்சோளமாக வாங்கி, காயவைத்து வையுங்க. முழுசாக இருந்தால் தாங்கும். புண்ணாக்கை மட்டும் வாராவாரம் வாங்கிக்கலாம்.

ஊசிமருந்து

தாய்ப்பன்றி: முதல் வருடம் வேண்டாம். சினைக்காலம் 114 நாள். ஜூன் நடுவில் 8 வாரக் குட்டி வேண்டும் என்றால் ஏப்ரல் 20 வாக்கில் ஈன வேண்டும். டிசம்பர் கடைசியில் சேர்க்க வேண்டும். அப்படியானால் பால் கொடுக்கும் காலம் முழுக்க இந்தக் கரையின் மிக மோசமான வெயிலில் விழுகிறது. பால் கொடுக்கும் பன்றி சினைக்குத் தின்ற 2 கிலோவுக்கு மேல், குட்டி ஒன்றுக்குக் கால் கிலோ வீதம் கூடத் தின்ன வேண்டும். 10 குட்டிக்கு நாலரைக் கிலோ. வெயிலில் மூன்றைக்கூடத் தொடாது. பால் வற்றும், தாய் எலும்பாகும், அடுத்த பருவத்துக்கு வராது. அதற்கு நாளைக்கு 25 முதல் 30 லிட்டர் தண்ணீரும் வேண்டும், நல்ல தண்ணீராக.

பிறகு ஒருநாள் வைத்தால் ஈனும் அறையில் சுவரிலிருந்து 25 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் குழாய்த் தடுப்புக் கட்டுங்கள். தாய் சரிந்து படுக்கும்போது குட்டி அதன் அடியில் ஒதுங்கும். முதல் வாரத்தில் நசுங்கிச் சாவதுதான் அதிகம். சிமெண்டுத் தரையில் பிறந்த குட்டிக்கு மண்ணிலிருந்து இரும்பு கிடைக்காது. மூன்றாம் நாளும் 14ஆம் நாளும் இரும்பு ஊசி. தவறினால் மூன்றாம் வாரம் வெளுத்து, மூச்சிரைத்து நிற்கும்.

செங்கல் சூளை

கொட்டகைக் கேள்வி விட்டுப்போச்சே.

இரும்புத் தகரம் உப்புக்காற்றில் சீக்கிரமே ஓட்டையாகும், மே மாசம் அடுப்பு மாதிரி காயும். வெறும் பனையோலை குளிர்ச்சி, ஆனால் மழைத்தண்ணீர் பிடிக்க முடியாது, தீ பயமும் இருக்கு. அந்தப் பக்கம் டிரம் அடுப்பு எரியுதே. சிமெண்ட் ஷீட் போட்டு மேலே சுண்ணாம்பு அடித்து, உள்ளே ஒரு முழம் கீழே பனையோலைப் பாய் விரித்துக் கட்டுங்க. ஷீட்டுக்கும் பாய்க்கும் நடுவில் காற்று ஓடணும். 100 சதுர மீட்டர் ஷீட்டில் 400 மில்லிமீட்டர் மழை பெய்தால் வீணாவது போக 32,000 லிட்டர் தேறும். முதல் மழையை வெளியே விட்டுட்டு மிச்சத்தைத் தொட்டியில் பிடித்தால் 20 பன்றிக்கு 5 மாசக் குடிதண்ணீர், உப்பில்லாமல்.

கொட்டகை நீளவாட்டில் கிழக்கு மேற்காக இருக்கட்டும். 10 பன்றிக்கு ஒரு அறை. கூரைக்குள் 12 சதுர மீட்டர், வெளித் திண்ணை 12. கூரை விளிம்பு 8 அடிக்குக் குறையக் கூடாது. பக்கச் சுவர் 3 அடி போதும், மேலே திறந்தே இருக்கட்டும். நீர்ப்புகை தெளிக்கிற கருவி இங்கே பயன்படாது. கடல்காற்றில் ஏற்கனவே ஈரம், இன்னும் புழுக்கமாகும். மத்தியானம் 12 முதல் 4 வரை அரை மணிக்கு ஒரு தடவை, இரண்டு நிமிஷம் தோள்மேல் தண்ணீர் சொட்டினால் போதும், காற்று மீதியைப் பார்த்துக்கும். தீவனம் காலை 6க்குள், மாலை 6க்கு மேல். பன்றிக்கு வேர்க்காது, தின்ற சூடு உச்சி வெயிலில் சேர்ந்தால் படுத்துடும்.

சாணக் குழி மணலில் வெறுமனே தோண்டாதீங்க. மணல் வடிகட்டாது, உங்க போரும் பக்கத்துக் கிணறும் இரண்டு மழையில் கெட்டுப்போகும். சிமெண்டு பூசிய தொட்டி வேணும். முதலில் மண்வெட்டியால் சாணத்தை வழித்து எடுத்துட்டு அப்புறம் தண்ணீர் விடுங்க. போர் தண்ணீரில் கழுவிய கழிவு உப்புக் கழிவு. தென்னைக்கு விடலாம், மிளகாய்த் தோட்டத்துக்கு விட்டால் செடி கருகும். வழித்த சாணத்தை மட்டும் மக்கவைத்து மிளகாய்க்குப் போடலாம்.

நிப்பிள் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ வாங்குங்க. பன்றித் தோள் உயரத்தில் வைக்கணும். குட்டி வளர வளர ஏற்றுகிற மாதிரி குழாயைக் கிளிப்பில் மாட்டுங்க. 10 பன்றிக்கு இரண்டு நிப்பிள், ஒன்று அடைத்தாலும் இன்னொன்று இருக்கும். வாரம் ஒரு தடவை லிட்டர் பாட்டிலைப் பிடித்து நிப்பிளை அமுக்குங்க. ஒரு நிமிஷத்தில் நிரம்பலைன்னா கழற்றி வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்க, படிந்த உப்பும் சுண்ணாம்பும் விட்டுப்போகும்.

தேவிபட்டினத்தான்

புரிஞ்சது. ஜூன் குட்டி, தாய்ப்பன்றி இப்போ இல்லை, முதலில் ஷீட்டும் மழைத்தொட்டியும். 32,000 லிட்டர் தொட்டியை மணலில் தரைக்குக் கீழே கட்டலாமா, மேலேயா?

செங்கல் சூளை

மேலே கட்டுங்க. மழைக்காலத்தில் அங்கே நிலத்தடி நீர் ஏறும். காலித் தொட்டியை அடியிலிருந்து தூக்கி விரிசல் விடவைக்கும், விரிசல் வழியே உப்பு உள்ளே வரும். தரைக்கு மேல் இரண்டு 16,000 லிட்டர் தொட்டியாகப் பிரித்துக் கட்டினால் ஒன்றைக் கழுவும்போது இன்னொன்றில் தண்ணீர் இருக்கும். மூடி போட்டுக் கொசுவலை கட்டுங்க.